32 ஜிபி போனில் இடமே இல்லை, அப்பாவின் குரல் பதிவுகளைத் தொடாமல் எப்படிக் காலி செய்வது?

மல்பெரித்தோட்டம் (பென்னாகரம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் போன் பற்றி ஒரு உதவி வேண்டும். 2020 கடைசியில் வாங்கியது, 32 ஜிபி, 3 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 11. ஒரு மாதமாக எதைத் தொட்டாலும் "சேமிப்பிடம் நிரம்பிவிட்டது" என்றுதான் வருகிறது. நேற்று தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு போட்டுவிட்டு வந்தோம். பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க யுபிஐ செயலியைத் திறந்தால் புதுப்பித்தால்தான் உள்ளே போக முடியும் என்கிறது, புதுப்பிக்கப் போனால் இடமில்லை என்கிறது. கேமராவும் திறந்த உடனே மூடிக்கொள்கிறது.

அமைப்புகளில் போய்ப் பார்த்தேன். சிஸ்டம் 14.2, செயலிகள் 8.1, வீடியோ 4.3, படங்கள் 3.1, ஆடியோ 0.6, மற்றவை 1.3. மிச்சம் 400 எம்பி சொச்சம்.

சிக்கல் எங்கே என்றால், அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் இந்த வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கின்றன. அதில் ஒன்று 14 வினாடி. "மேகம் கட்டுது, சந்திரிகையெல்லாம் உள்ள நகர்த்தி வை, நான் பஸ் ஏறிட்டேன்" என்று சொல்வார் (சந்திரிகை என்றால் பட்டுப்புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு), பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். அம்மா அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது போட்டுக் கேட்பார். பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் காட்டினேன், ரீசெட் போட்டுத் தருகிறேன் (போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதுசு மாதிரி ஆக்குவது) 200 ரூபாய் என்றார். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்

ரீசெட் போடுவதில் தப்பில்லை நண்பா. நான் வருடத்துக்கு ஒரு தடவை என் போனுக்குப் போடுகிறேன், புதுப் போன் மாதிரி ஓடும். வாட்ஸ்அப்பைக் கூகுள் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொண்டு போடுங்கள், திரும்ப வந்துவிடும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

தயவுசெய்து அவசரப்பட்டு ரீசெட் போடாதீர்கள். நான் பட்டவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி இடமில்லாமல் ஒரு கடையில் கொடுத்தேன், என்னைக் கேட்காமலே ரீசெட் போட்டுவிட்டார்கள். பெங்களூரா மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போட்ட எடைச் சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோவாகத்தான் வைத்திருந்தேன், அந்த சீசன் கணக்கு முழுக்கப் போயிற்று. அதோடு முடியவில்லை. போன் திரும்ப ஆன் ஆகும்போது பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது, அதைத் திறந்து கொடுத்தது சொந்தக்கார பையன், இப்போது அவனுக்கே ஞாபகமில்லை. நான்கு நாள் போன் வெறும் செங்கல் மாதிரி கிடந்தது.

வாட்ஸ்அப் டிரைவ் பேக்கப் விஷயமும் அவ்வளவு சுலபமில்லை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான், இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேதான் கணக்கு. அம்மாவின் கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியில் நின்றிருக்கும், அது நமக்குத் தெரிந்திருக்காது. கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள்.

பாரூர் சர்வீஸ்

நான் 11 வருடமாக செல்போன் ரிப்பேர் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்கு ஒரு நிம்மதியான செய்தி. குரல் பதிவை அழித்து ஒன்றும் இடம் கிடைக்கப் போவதில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு நன்றாகச் சுருக்கப்பட்ட கோப்பு, ஒரு நிமிடம் பேசினால்கூட சில நூறு கேபிக்குள்தான் வரும். அதே ஒரு நிமிடத்துக்கு போன் கேமராவில் 1080பி வீடியோ எடுத்தால் 100 எம்பி தாண்டும். அப்பாவின் பதிவுகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாண வீடியோ துண்டு அளவுகூட இருக்காது. அதனால் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஆனால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

கூகுள் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து உள் சேமிப்பகத்துக்குள் போங்கள். ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் வாட்ஸ்அப், திரும்ப மீடியா. அங்கே "வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்" என்று இருக்கும். உள்ளே போனால் 202214, 202231 என்று எண்ணாகத் தெரியும். பயப்படாதீர்கள், முதல் நான்கு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம். கோப்பின் பெயரில் தேதி இருக்கும், யார் பேசியது என்று இருக்காது. அதனால் பொறுக்கி எடுக்க மெனக்கெடாமல் அந்தக் கோப்புறையை முழுசாக அப்படியே ஒரு கம்ப்யூட்டருக்கோ ஓடிஜி பென்டிரைவுக்கோ (போனிலேயே நேராகச் செருகும் பென்டிரைவ்) நகல் எடுங்கள். 'நகர்த்து' வேண்டாம், 'நகலெடு'. நகர்த்தினால் வாட்ஸ்அப்பில் அம்மா தொடும்போது கோப்பு இல்லை என்று வரும்.

நகல் எடுத்த பிறகு பென்டிரைவிலிருந்து இரண்டு மூன்று பதிவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பொத்தான் இருக்கும். 'கேச் அழி' என்பது தற்காலிகக் கோப்பு, எந்தச் செயலியிலும் தைரியமாக அழுத்தலாம். பக்கத்திலேயே 'டேட்டா அழி' அல்லது 'சேமிப்பகத்தை அழி' என்று இருக்கும், அதை வாட்ஸ்அப்பில் அழுத்தவே கூடாது. உரையாடல் எல்லாம் போய், புதிதாக நிறுவியது போல நம்பர் கேட்கும். என் கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது இந்த இரண்டையும் மாற்றி அழுத்திவிட்டு வருகிறார்.

குரூப்4 அரூர்

நான் சர்வீஸ் அண்ணன் அளவுக்கு விவரம் தெரிந்தவன் இல்லை, ஆனால் டெலிகிராம் இருந்தால் அதைப் பாருங்கள். நான் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறேன், பதினைந்து இருபது சேனலில் இருக்கிறேன், பிடிஎஃப், மாதிரி வினாத்தாள், வகுப்பு வீடியோ என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பார்த்தால் டெலிகிராம் மட்டும் 9 ஜிபி. டெலிகிராம் அமைப்பில் 'டேட்டா மற்றும் சேமிப்பகம்' போய் கேச்சை அழித்தேன், ஒரே நிமிடத்தில் 9 ஜிபி திரும்ப வந்தது. அதெல்லாம் அவர்கள் சர்வரில் இருப்பதால் எது வேண்டுமோ அதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், சேனல்காரர் அழிக்காத வரைக்கும். இப்போது ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைத்திருக்காதே என்று அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

மல்பெரித்தோட்டம்

அம்மா போனில் டெலிகிராம் இல்லை தம்பி. சர்வீஸ் அண்ணாவுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன அதே மாதிரி எண்ணாகத்தான் கோப்புறைகள் இருக்கின்றன. தங்கை நர்சிங் படிக்கிறாள், அவள் லேப்டாப் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதுவரை எதையும் அழிக்கவில்லை. ஒரு சந்தேகம், சிஸ்டம் 14 ஜிபி என்பதைக் குறைக்க முடியாதா? அதுதானே பாதி?

பாரூர் சர்வீஸ்

அதில் கை வைக்க முடியாது. ஆண்ட்ராய்டும் கம்பெனிக்காரன் கூடவே போட்டுக் கொடுக்கும் செயலிகளும் தனிப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, 32 ஜிபி என்று அட்டையில் போடுவது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு, 1024 கணக்கில் பார்த்தால் அது 29.8-தான். அந்த வித்தியாசத்தையும் சில போன் சிஸ்டம் பக்கமே சேர்த்துக் காட்டும். 32 ஜிபி வாங்கினால் நம் கைக்கு வருவது 17, 18 ஜிபி, அவ்வளவுதான். கூடவே வரும் வேண்டாத செயலிகளை 'முடக்கு' செய்தால் அவற்றின் புதுப்பிப்புகள் நீங்கி கொஞ்சம் கிடைக்கும்.

ஓசூர் நைட் ஷிப்ட்

மேலே நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், அப்பாவின் குரல் இருக்கும் போனுக்கு ரீசெட் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக நான் போன மாதம் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். என்னுடையது 64 ஜிபி. 'ராம் விரிவாக்கம்' என்று ஒரு வசதி ஆன் ஆகியிருந்தது, 4 ஜிபி ராமை 8 ஆக்குகிறது என்று எழுதியிருக்கும். அந்தக் கூடுதல் 4 ஜிபி எங்கிருந்து வருகிறது என்றால் நம் உள் சேமிப்பகத்திலிருந்துதான். அதை ஆஃப் செய்து போனை மறுபடி ஆன் செய்தேன், 4 ஜிபி அப்படியே திரும்பிவிட்டது. வேகத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 2020 போனில் இது இருக்குமா தெரியாது, புதுசு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

அரூர் அக்கா

தம்பி, மெமரி கார்டு போட்டு அதையே உள் சேமிப்பகமாக மாற்றிவிடலாமே? என் வீட்டுக்காரர் போனில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம், 64 ஜிபி கார்டு, இரண்டு வருடமாக நன்றாகத்தான் ஓடுகிறது.

பாரூர் சர்வீஸ்

அக்கா, உங்களுக்கு நன்றாக ஓடுவது சந்தோஷம், ஆனால் எல்லோருக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு 6-லிருந்து அந்த வசதி உண்டு, எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை. அப்படி மாற்றினால் கார்டு அந்த ஒரு போனோடு பூட்டிக்கொள்ளும், கழற்றி வேறு போனில் போட்டால் படிக்காது. போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால் கார்டு நல்லா இருந்தும் அதில் இருக்கும் படம் கிடைக்காது. கார்டு மெதுவானதாக இருந்தால் அதிலிருக்கும் செயலிகளும் இழுத்துக்கொண்டு ஓடும். சாதாரண வெளிச் சேமிப்பகமாகவே கார்டைப் போட்டு, கேமரா அமைப்பில் 'கார்டில் சேமி' என்று மாற்றிவிட்டால் போதும், புது படம் வீடியோ எல்லாம் அங்கே போய்விடும். போன் செத்தாலும் கார்டைக் கழற்றிக்கொள்ளலாம்.

கார்டு வாங்கும்போது கவனம். சந்தையிலும் ரோட்டோரத்திலும் 512 ஜிபி 300 ரூபாய் என்று விற்பார்கள். உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான், போனுக்கு 512 என்று பொய் சொல்லும்படி செய்து வைத்திருப்பார்கள். முதல் சில ஜிபி நன்றாக ஏறும், அதற்கு மேல் போடுவதெல்லாம் பெயர் மட்டும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது, சில கார்டில் பழைய கோப்பின் மேலேயே புதுசு எழுதிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். கார்டு வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள். போன வருடம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளின் சீர் போட்டோ முழுவதையும் இப்படி ஒரு கார்டுக்கு நகர்த்திவிட்டு வந்தார். ஒன்றைக்கூட மீட்டுக் கொடுக்க முடியவில்லை. எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

அரூர் அக்கா

சரி தம்பி, இது தெரியாமல்தான் வைத்திருக்கிறோம். இன்றைக்கே அதில் உள்ள படங்களை வேறு இடத்தில் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ராயக்கோட்டை தக்காளி

வாட்ஸ்அப்பில் 'மீடியா தெரிவுநிலை' என்று இருக்கிறதே, அதை ஆஃப் செய்தால் இடம் மிச்சமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆஃப் செய்தேன், கேலரியில் படம் வரவில்லை, ஆனால் இடம் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. நான் மண்டி விலை குழு ஆறு ஏழில் இருக்கிறேன், விடிவதற்குள் தக்காளிப் பெட்டி வீடியோ நாற்பது ஐம்பது வந்துவிடுகிறது.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அது கேலரியில் காட்டாமல் மறைக்கும் அவ்வளவுதான், கோப்பு போனில் இறங்கத்தான் செய்யும். நீங்கள் நிறுத்த வேண்டியது 'தானாகப் பதிவிறக்கு'. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று இருக்கும், மூன்றிலும் வீடியோவையும் ஆவணத்தையும் எடுத்துவிடுங்கள். விலை பார்க்க வேண்டிய வீடியோவை மட்டும் தொட்டால் இறங்கும்.

பாரூர் சர்வீஸ்

சரியாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்த பிறகு மல்பெரித்தோட்டம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் அமைப்பில் 'சேமிப்பகத்தை நிர்வகி' என்று உண்டு. மேலே '5 எம்பிக்கு மேல்' என்றும் 'பலமுறை பகிரப்பட்டவை' என்றும் தனித்தனியாகக் காட்டும், கீழே எந்த உரையாடல் எவ்வளவு இடம் என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருக்கும். முதல் இரண்டிலேயே பாதி வேலை முடியும். காலை வணக்கம், சாமி படம், யாரோ அனுப்பிய சமையல் வீடியோ எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். அப்பாவின் உரையாடலுக்குள் மட்டும் போகாதீர்கள்.

கேலரியில் தெரியாத இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று, வாட்ஸ்அப் படங்கள், வாட்ஸ்அப் வீடியோ என்ற கோப்புறைகளுக்குள் 'சென்ட்' என்று ஒன்று. நாம் ஒரு படத்தை அனுப்பும்போது அதற்கு ஒரு நகல் அங்கே போய் விழும். மூலப்படம் கேலரியில் இருந்தால் இந்த நகலை அழிக்கலாம், உரையாடலில் பழைய படம் மங்கலாகத் தெரியும், அதுதான் நஷ்டம். இன்னொன்று 'டேட்டாபேஸஸ்'. தினமும் ராத்திரி 2 மணிக்கு உரையாடல்களை ஒரு கோப்பாக எடுத்து வைக்கும், ஏழு நாள் வரைக்கும் சேரும். பெயரில் தேதி உள்ளவை பழையவை, தேதி இல்லாதது புதியது. பழையதை அழிக்கலாம், தேதி இல்லாததைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் குப்பைத் தொட்டியைக் காலி செய்ய மறக்காதீர்கள். ஃபைல்ஸ் செயலியிலும் கேலரியிலும் அழித்தது 30 நாள் அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

குரூப்4 அரூர்

கூகுள் போட்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. என் நண்பன் "எல்லாம் கிளவுடில் ஏறிவிட்டதே" என்று போட்டோஸ் செயலியிலேயே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டான், போனிலும் போயிற்று, கிளவுடிலும் போயிற்று. நல்லவேளை, பேக்கப் ஆன படம் அதன் குப்பையில் 60 நாள் இருக்கும் என்பதால் திரும்ப எடுத்துவிட்டோம். போனில் மட்டும் காலி செய்ய அதில் 'இந்தச் சாதனத்தில் இடத்தைக் காலியாக்கு' என்று தனியாக இருக்கிறது, அதைத்தான் அழுத்த வேண்டும்.

ராயக்கோட்டை தக்காளி

இந்த கிளீனர் செயலிகள் போடலாமா?

பாரூர் சர்வீஸ்

வேண்டாம். அது ஒரு 100 எம்பியைப் பிடித்துக்கொண்டு விளம்பரமாகக் காட்டும், செய்வதெல்லாம் கேச் அழிப்பதுதான். அதை நீங்களே செய்யலாம். உங்கள் போனில் எல்லா அழைப்பும் தானாக ரெக்கார்டு ஆகிறதா என்று பாருங்கள், மண்டி வியாபாரம் செய்பவர்கள் போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்பெரித்தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம், மதியம் களி கிண்டி முடிக்கும் வரைக்கும் ஆயிற்று. விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் குரல் பதிவுக் கோப்புறை முழுவதையும் தங்கையின் லேப்டாப்புக்கு எடுத்தோம். மூன்று வருடத்துக்கு மேல் சேர்ந்தது, எல்லோருடையதும் சேர்த்தே 290 எம்பிதான். சர்வீஸ் அண்ணா சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொரு நகல் பென்டிரைவில். இரண்டிலும் போட்டுக் கேட்டோம். அந்த பஸ் ஹாரன் பதிவு 202231-க்குள் இருந்தது. இன்னொன்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை, அப்பா அங்காடியிலிருந்து கிலோ விலை சொல்லிவிட்டு, "சின்னவளுக்கு பீஸ் கட்டிடலாம்" என்று முடிக்கிறார். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். அப்பாவின் பதிவுகளை மட்டும் தேதி போட்டுத் தனியாக எழுதி வைத்திருக்கிறோம், மொத்தம் 61.

அப்புறம்தான் அழிக்க ஆரம்பித்தோம். வாட்ஸ்அப் வீடியோ 3.6 ஜிபி, படங்கள் 1.9, அதில் சென்ட் கோப்புறை மட்டும் 0.7. டேட்டாபேஸில் பழைய ஆறு கோப்பு 0.9. அக்கா பையன் லீவுக்கு வந்தபோது ஏற்றிய இரண்டு கேம் 1.7. அம்மா திறக்கவே திறக்காத ஒரு வீடியோ செயலி 1.4. குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகு பார்த்தால் கிட்டத்தட்ட 10 ஜிபி காலி. யுபிஐ செயலி புதுப்பித்துக்கொண்டது, கூடு விற்ற பணம் வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது. கேமராவும் திறக்கிறது. கூடு விற்ற சீட்டு, பட்டா, ரேஷன் கார்டு படங்களை எல்லாம் பென்டிரைவில் ஒரு நகல் போட்டாயிற்று.

பாரூர் சர்வீஸ்

ரொம்ப சந்தோஷம் தம்பி. இனிமேல் 3 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி போனில் இருக்கும் சேமிப்பு சிப் புதிதாக எழுத முதலில் காலி இடத்தைத் தயார் செய்ய வேண்டும், விளிம்பு வரை நிரம்பினால் ஒவ்வொரு எழுத்துக்கும் இருப்பதை நகர்த்தி நகர்த்தி எழுதும். நிரம்பின போன் திணறுவது அதனால்தான். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் ஒரு நாள் போகும். அந்த 61 பதிவையும் அம்மாவின் டிரைவ் கணக்கிலும் போட்டு வையுங்கள், 15 ஜிபியில் அது ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது.

மல்பெரித்தோட்டம்

போட்டுவிட்டேன் அண்ணா, தங்கை கணக்கிலும் ஒரு நகல் இருக்கிறது.

அரூர் அக்கா

அம்மா என்ன சொன்னார்கள் தம்பி?

மல்பெரித்தோட்டம்

தானாகப் பதிவிறக்கம் நிறுத்தியதிலிருந்து படமெல்லாம் மங்கலாக வருகிறது, போன் கெட்டுவிட்டது என்று சாயங்காலம் சொன்னார். படத்தின் நடுவே இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் தெளிவாகும் என்று காட்டிக் கொடுத்தேன். பேரன் படத்தை மட்டும் தொடுகிறார், மற்றதெல்லாம் மங்கலாகவே கிடக்கிறது.